பவளம் வளரவில்லையா? போத்தலை மூடுங்கள், அளந்து பாருங்கள்!

மாணவர்களே, ஹுத்தான் மெலிந்தாங் படகுத்துறையில் நின்று பெர்னாம் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரின் நிறம் தெரியும். பால் கலந்த தேநீரைப் போல இருக்கும். ஆறு சேற்றைச் சுமந்து வந்து கடலில் கொட்டுகிறது. சேறு வெளிச்சத்தை மறைக்கிறது. ஆற்று நீர் கடலின் உப்பைக் குறைக்கிறது. ஆகவே நம் கரையோரத்தில் மீன், நண்டு, இறால் உண்டு, சதுப்புநிலக் காடு உண்டு, பவளப்பாறை மட்டும் இல்லை. பேராவில் பவளத்தைப் பார்க்க வேண்டுமானால் பங்கோருக்குத் தெற்கே உள்ள பூலாவ் செம்பிலான் தீவுகளின் பக்கம் போக வேண்டும்.

ஆனால் கடல் தராததைக் கண்ணாடித் தொட்டி தரும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். உப்புநீர், நீல விளக்கு, ஒரு பம்ப், கடையில் வாங்கிய இரண்டு மூன்று பவளத் துண்டுகள். இவ்வளவுதான் தொடக்கம். சில மாதங்கள் கழித்து எல்லாரும் சொல்லும் குறை ஒன்றே: "சாகவும் இல்லை, வளரவும் இல்லை. வாங்கியபோது இருந்த அளவிலேயே இருக்கிறது." அடுத்து என்ன செய்கிறார்கள்? 'வளர்ச்சிக்கு' என்று எழுதிய ஒரு போத்தலை வாங்கி ஊற்றுகிறார்கள். பலன் இல்லையென்றால் இன்னொரு போத்தல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்காமல் ஊற்றும் எதுவும் மருந்தாகாது, அது சூதாட்டம். இந்தச் சூதாட்டத்தில் பந்தயமாக வைக்கப்படுவது அப்பா அம்மாவின் பணமும் ஓர் உயிரும். பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது விலங்கு.

முதல் கேள்வி: எதைவிட மெதுவாக?

பவளத்தின் மேற்பரப்பில் இருக்கும் சின்னஞ்சிறு வாய்கள் ஒவ்வொன்றும் ஓர் உயிர். அவற்றின் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரித்து, பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. அந்தச் சக்தியைக் கொண்டு பவளம் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தனக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. அந்தக் கூடு பெரிதாவதைத்தான் 'வளர்ச்சி' என்கிறோம்.

இந்தக் கட்டுமானத்தின் வேகம் இனத்துக்கு இனம் மாறும். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் இனம் கடலிலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செண்டிமீட்டர்தான் வளரும். கிளைவிடும் மான்கொம்புப் பவளம் நல்ல இடத்தில் ஆண்டுக்கு 10 செண்டிமீட்டருக்கு மேலும் நீளும். போரைட்டிஸ் வைத்திருப்பவர் மான்கொம்புப் பவளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு "என்னுடையது வளரவில்லை" என்று கவலைப்படுவது, தென்னை நட்டவர் கீரைப் பாத்தியைப் பார்த்து அழுவதற்குச் சமம்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போயிருப்பீர்கள். கோயிலுக்கு மேலே எழுந்து நிற்கும் குன்று சுண்ணாம்புக் கல். கிந்தா பள்ளத்தாக்கின் அந்தக் கற்கள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமற்ற கடலின் அடியில், கடல் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உருவானவை. ஒரு மலையையே எழுப்பக்கூடிய வேலைதான் இது. ஆனால் அவசரம் அறியாத வேலை.

ஆகவே முதலில் இனத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். பிறகு அது உண்மையாகவே வளரவில்லையா என்று பாருங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே தூரத்தில், தொட்டிக் கண்ணாடியில் ஓர் அளவுகோலை ஒட்டி வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஆர்க்கிமிடிஸை உதவிக்கு அழையுங்கள். பவளத்தை நூலில் கட்டி, கடல்நீருக்குள் தொங்கவிட்டபடியே எடை பாருங்கள். உடல் திசுவின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு நெருக்கமானது. ஆகவே தராசில் தெரிவது பெரும்பாலும் சுண்ணாம்புக் கூட்டின் எடைதான். நீருக்குள் 10 கிராம் காட்டினால் கூட்டின் உண்மையான எடை ஏறக்குறைய 15.4 கிராம். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை இது. பள்ளி ஆய்வுக்கூடத் தராசு போதும்.

இரண்டாவது கேள்வி: காரத்தன்மை எவ்வளவு?

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கிறது என்று உறுதியானால் முதலில் எதை அளப்பது? பலரும் கால்சியம் என்பார்கள். நான் காரத்தன்மை என்பேன். காரணம் வெறும் கணக்குதான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காரத்தன்மை 7 டி.கே.எச். அளவில் இருக்கிறது. தொட்டிகளில் பொதுவாக 7 முதல் 9 வரை வைப்பார்கள். பவளம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக் கூடு கட்டும்போது காரத்தன்மை 2.8 குறைகிறது. இப்போது கணக்கிடுங்கள். கால்சியம் 420-லிருந்து 400 ஆகிறது. இது 5 விழுக்காட்டுக்கும் குறைவான இழப்பு. காரத்தன்மையோ 8-லிருந்து 5.2 ஆகிறது. 35 விழுக்காடு போய்விட்டது! கிடங்கில் கல் நிறைய இருக்கிறது, சிமெண்டு தீர்ந்துவிட்டது. இந்த நிலையில் கால்சியப் போத்தலை ஊற்றுவது மேலும் கல்லைக் கொண்டுவந்து குவிப்பதுதான்.

காரத்தன்மையை அளப்பது கடினமல்ல. பள்ளியில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் புள்ளியைக் கண்டுபிடிப்பீர்கள் அல்லவா? சோதனைப் பெட்டியில் நடப்பதும் அதுதான். சொட்டுகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த எண் வளர்ச்சியையும் காட்டிக்கொடுக்கும். எதையும் ஊற்றாமல் இன்று காலையும் நாளைக் காலையும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 100 லிட்டர் நீருள்ள தொட்டியில் 8.0 என்பது 7.5 ஆகியிருந்தால், அந்த ஒரு நாளில் ஏறக்குறைய 0.9 கிராம் சுண்ணாம்பு உருவாகியிருக்கிறது. சிறிது பங்கு கல்லில் படியும் ஊதாநிறப் பாசிக்கும், பம்பில் படியும் வெண்படிவுக்கும் போயிருக்கலாம். ஆனாலும் கட்டுமானம் நடக்கிறது என்பதற்கு அது சான்று. அப்படியானால் எடுத்த அளவைத் திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியக் கரைசலையும் காரக் கரைசலையும் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்குமே, அதே வெண்மை தொட்டியில் தோன்றும். பவளத்துக்குப் போக வேண்டியது தூளாகத் தரையில் விழும். மெக்னீசியம் லிட்டருக்கு 1300 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது குறைந்தால் மற்ற இரண்டும் நிலைத்து நிற்காது.

எண் குறையவே இல்லையென்றால்?

காரத்தன்மை நாள்கணக்கில் அசையாமல் நின்றால் பொருள் வேறு. கல்லும் சிமெண்டும் இருக்கின்றன, கொத்தனார் வேலைக்கு வரவில்லை. அவரைத் தடுப்பது எது என்று வரிசையாகத் தேட வேண்டும்.

நம் நாட்டில் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல்தான் விழ வேண்டும். பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ் சாதாரணம். அதோடு விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்கின்றன. பவளம் வழக்கமாகத் தாங்கும் உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே உள்ளிருக்கும் பாசிகளை இழந்து வெளிறத் தொடங்கும். 2010-இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கமே தற்காலிகமாக மூடியது. பிற்பகல் 3 மணிக்கு உங்கள் தொட்டியின் வெப்பம் என்ன? காலையில் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்னக் காற்றாடியை ஓடவிட்டால், நீர் ஆவியாகும்போது வெப்பம் 2 டிகிரி வரை இறங்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத தூய நீரால் நிரப்புங்கள்.

அடுத்து, அந்தத் தூய நீர் எங்கிருந்து வருகிறது? குழாய் நீரில் குளோரினும் சில வேளைகளில் பாஸ்பேட்டும் செம்பும் இருக்கும். தகரக் கூரையில் வழியும் மழைநீரில் துத்தநாகம் கரைந்திருக்கும். முதுகெலும்பில்லா உயிர்களுக்குச் செம்பும் துத்தநாகமும் நஞ்சு. எதிர்ச் சவ்வூடு வடிகட்டியில் வந்த நீரே பாதுகாப்பானது.

மூன்றாவது, உணவு. பாஸ்பேட் மிகுந்தால் அது சுண்ணாம்புப் படிகத்தில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தைத் தடுக்கும். அதற்காக நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கித் தொட்டியைத் 'தூய்மை'யாக்குகிறவர்களும் உண்டு. அங்கே பாசிகள் பட்டினி கிடக்கும், பவளம் நிறம் மங்கும். மிகுதியும் பிழை, பூஜ்யமும் பிழை.

நான்காவது, வெளிச்சமும் நீரோட்டமும். நம் கண் நீல ஒளியைக் குறைவாகவே உணரும். ஆகவே கண்ணை நம்பி விளக்கைக் கூட்டக் கூடாது. திடீரென்று கூட்டினால் பவளம் கருகும். நீரோட்டம் போதவில்லை என்றால் பவளத்தின் மேல் அசையாத மெல்லிய நீர்ப்படலம் தங்கி, வேண்டியதை உள்ளே விடாமலும் கழிவை வெளியே விடாமலும் தடுக்கும். பக்கத்துப் பவளம் இரவில் நீண்ட உணர்கொம்புகளை நீட்டிக் கொட்டுகிறதா என்று கைவிளக்கை அடித்துப் பாருங்கள்.

ஒன்றை மாற்று, காத்திரு

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே சனிக்கிழமை மாற்றிவிடாதீர்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். விளக்கையும் நீரோட்டத்தையும் உணவையும் ஒன்றாக மாற்றிய பிறகு பவளம் தேறினால் எது காரணம்? வாடினால் எது காரணம்? உங்களால் சொல்ல முடியாது. அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கச் சொல்கிறார்கள். அது தேர்வுத் தாளுக்காகச் சொன்னதல்ல. ஒன்றை மாற்றுங்கள், நான்கு வாரம் காத்திருங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள்.

"நண்பன் அந்தப் போத்தலைத்தான் ஊற்றினான், அவனுக்கு வளர்ந்ததே" என்பீர்கள். இருக்கலாம். அவன் தொட்டியில் அந்தப் பொருள் குறைந்திருக்கலாம், உங்கள் தொட்டியில் அது மிகுந்திருக்கலாம். பக்கத்து வீட்டாரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வோமா?

"சோதனைப் பெட்டிக்கே பணம் ஆகுமே" என்பது நியாயமான கேள்வி. ஆகும். காரத்தன்மைப் பெட்டி ஒன்றை முதலில் வாங்குங்கள், மற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பவளத்தை இப்போது வாங்க வேண்டாம். கப்பி மீன் வளர்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை. கவனித்துக்கொள்ள முடியாத உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் குறை.

கடலிலிருந்து எடுத்தால் செலவில்லை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டம் எட்டாத இடத்திலும் இழப்பு இழப்புதான். தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. இன்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கட்டிக் கட்டி மீண்டும் கடலில் நட்டு வருகிறார்கள். வெட்டுவது விரைவான வேலை. வளர்ப்பது உங்கள் தொட்டியைப் போலவே மெதுவான வேலை.

உலகக் கடலின் நிலையும் இதுதான். நாம் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயு கடலில் கரைந்து, தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த பி.எச். இப்போது 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஆய்வாளர்கள் இயற்கையான பவளப்பாறையின் மேல் ஓடும் நீரில் காரத்தைச் சேர்த்து, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். கூடு கட்டும் வேகம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடியது. நீங்கள் தொட்டியில் செய்யும் அதே சோதனை! ஆனால் முழுக் கடலுக்கும் ஊற்றும் போத்தல் எந்தக் கடையிலும் இல்லை.

அதனால்தான் இந்தப் பழக்கம் இளம் வயதிலேயே வர வேண்டும் என்கிறேன். தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். ஒரு குறிப்பேடு எடுங்கள். தேதி, பிற்பகல் 3 மணி வெப்பம், காரத்தன்மை, ஒரு படம். ஏழு நாள் எழுதுங்கள். எட்டாம் நாள் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்.