ஒன்பது மலைச் சூத்திரங்கள்

சூத்திரத்துக்கு இலக்கணங் கூறிய நன்னூலார், சிறிய ஆடியிற் பெரிய உருவந் தோன்றுமாறு போலச் சில எழுத்தாற் பல பொருளைத் தெளிவுறக் காட்டுவது அதுவென்றார். அவ்விலக்கணத்துக்கு இலக்கியந் தேடுவோர் பாணினியையும் தொல்காப்பியரையும் நாடுவர். நோர்வே நாட்டாரை நாடார். ஆயினும் அந்நாட்டார், பனிக்காலத்தில் மலைக்குச் செல்வார்க்கென ஒன்பது விதிகளை வகுத்து வைத்திருக்கின்றனர். அவற்றை யாத்தவர் புலவரல்லர்; செஞ்சிலுவைச் சங்கத்தாரும் மலைப்பயணச் சங்கத்தாருமே யாத்தனர். மலைக்குச் செல்வோர் பையிற் கொண்டுபோகும் 'குவிக் லுன்ஷ்' என்னும் சொக்கலேற்றின் உறையிலுங்கூட அவை அச்சிடப்பட்டுள்ளன. தின்பண்ட உறையில் விதி நூலை அச்சிடும் நாட்டைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் கடலை சுற்றிவருந் தாளிற் பழைய வினாத்தாள்களையன்றோ காண்கின்றோம்!

அவ்விதிகளின் வரலாறு துயரமானது. நோர்வேயிற் பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, அதனையடுத்த திங்கள் ஆகியவை பொது விடுமுறை நாள்கள். இடையே வருஞ் சனியையுங் கூட்ட ஐந்து நாள் தொடர்ந்து கிடைக்கும். சம இரவு பகலை அடுத்த பூரணைக்குப் பின்வரும் ஞாயிறே உயிர்த்த ஞாயிறாதலின், வானந் தெளிந்திருப்பின் அவ்விரவுகளில் நிலவுக்குங் குறைவில்லை. பகல் நீண்டிருக்கும், தாழ்நிலத்திற் பனி உருகத் தொடங்கினும் மேட்டு நிலத்தில் ஆழமாகவே கிடக்கும். ஆகவே பட்டினத்தார் திரள் திரளாக மலையேறுவர். 1967 ஆம் ஆண்டு அவ்விடுமுறையில் 18 பேர் மலையில் மாண்டனர். அதற்கு முன்னரும் அறிவுரைகள் இருந்தன. ஆனால் ஒன்பது விதிகளும் நாட்டார் அனைவர்க்கும் மனப்பாடமானது அவ்வாண்டின் பின்னரே.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி வேண்டப்படுகின்றது. இப்பயணத்தை நம் செய்தித்தாள்கள் 'பனிச்சறுக்கு' என்றே எழுதுகின்றன. சறுக்குதல் என்பது வழுக்குதல், நிலை தவறுதல் என்னும் பொருளது. சரிவின் உச்சிக்கு இயந்திர இருக்கையில் ஏறிச்சென்று கீழ்நோக்கி விரையும் விளையாட்டுக்கு அச்சொல் பொருந்தும். நோர்வேயர் தொன்றுதொட்டுச் செய்துவருவதோ வேறு. 'ஸ்கீ' என்பது பிளந்த மரத்துண்டு என்னும் பொருள்பட்ட பழைய வடபுலச் சொல்லின் வழிவந்தது. அவர்கள் அம்மரத்தின்மேல் 'நடத்தல்' என்றே வழங்குகின்றனர். அதன் அடிப்பாகத்து நடுவில், பனியின் தண்மைக்கேற்பத் தெரிந்தெடுத்த மெழுகைப் பூசுவர். மிதிக்குங்கால் மெழுகு பனியைப் பற்றும். உந்துங்கால் விட்டு வழுக்கும். இவ்வாறே நான்சனும் தோழர் ஐவரும் 1888 இற் கிறீன்லாந்தின் பனித்தளத்தைக் குறுக்கே கடந்தனர். அவர்கள் சறுக்கிக் கடந்தனரென்று எழுதினால் நகைப்புக்கிடமாகும். ஆதலின் இதனைப் 'பனிநடை' எனலாம் என்பது என் கருத்து. நோர்வேயில் வளர்ந்து, வார இறுதியில் தமிழ் வகுப்புக்குச் செல்லும் எம்மவர் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு காலால் அறிந்தது. அவர்கள் கட்டுரை எழுதுங்கால் நாம் கொடுக்குஞ் சொல் பிழைபடுதல் தகாது.

இனிப் பயணத்துக்கு வருவோம். ஒஸ்லோவிலிருந்து பேர்கன் செல்லும் புகையிரதப் பாதையில், கடல்மட்டத்துக்கு மேல் 1222 மீற்றரில், ஃபின்சே என்னும் நிலையம் உளது. மோட்டார் வண்டிகளுக்குப் பொதுத் தெரு அங்கில்லை. தெற்கே பனியாறும் அதற்கப்பால் ஹார்டாங்கர் மேட்டுநிலமும் விரிந்து கிடக்கின்றன. 1868 இல் நிறுவப்பட்ட மலைப்பயணச் சங்கம் நாடெங்கும் 500 க்கு மேற்பட்ட தங்குமனைகளை வைத்திருக்கிறது. காவலர் இல்லாத மனைகள் பலவற்றை, உறுப்பினர்க்கு வழங்கப்படும் ஒரே வகைத் திறவுகோலாலே திறக்கலாம். சிலவற்றில் உணவும் இருக்கும். எடுத்ததைத் தாமே பதிந்து தாமே பணஞ் செலுத்துதல் மரபு. பெருவழிகளிற் கிளைகளைப் பனியில் நட்டுத் தடங் காட்டுவர். அம்மேட்டுநிலத்திற் புயல் எழுந்தால் வானும் நிலமும் ஒரே வெண்மையாகும். அப்போது அடுத்த கிளையே உலகம்.

இத்தகைய நிலத்துக்கு ஐந்து நாள் விடுமுறையுள்ளவன் எவ்வாறு திட்டமிடுகிறான்? வியாழன் புகையிரதம், வெள்ளி முதல் மனை, சனி இரண்டாம் மனை, ஞாயிறு மூன்றாம் மனை, திங்கள் மீண்டும் புகையிரதம், செவ்வாய் காலை அலுவலகம். தாளிற் பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. இதன் குறையே அதுதான். ஒரு நாளாவது வெறுமையாக விடப்படவில்லை. ஞாயிறன்று புயல் வந்தால், அவனை மனையை விட்டு வெளியே தள்ளுவது மலையன்று, செவ்வாய்க்கிழமையே. தனக்குரிய அச்சத்தை மேலதிகாரிக்குரிய அச்சம் வென்றுவிடுகிறது. குறுகிய விடுமுறை நெடிய விடுமுறையினும் இடருடையது என்று நான் கருதுவது இக்காரணம்பற்றியே.

ஒன்பது விதிகளும் 2016 இல் திருத்தப்பட்டன. பழம்பாடத்தில் முதலாவது, பயிற்சியின்றி நெடும்பயணந் தொடங்காதே என்பது. புதுப்பாடத்தில் முதலாவது, பயணத்தைத் திட்டமிட்டு, செல்லும் வழியைப் பிறர்க்கு அறிவி என்பது. உடலைப் பற்றிய விதி போய்த் தாளைப் பற்றிய விதி தலைமை பெற்றது. பிறர்க்கு அறிவித்தல் பழம்பாடத்திலும் இரண்டாவதாக இருந்தது. பயிற்சியோ புதுப்பாடத்தில், அவரவர் ஆற்றலுக்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள் என்பதனுள் அடங்கிப்போயிற்று. ஆண்டில் பதினொரு திங்கள் நாற்காலியில் இருப்பவனுக்கு முதலிற் சொல்லவேண்டியது பழைய விதியே.

பனிச்சரிவைப் பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது நன்று. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளிலேயே பனிப்பாளம் பெயர்ந்து விழுவது பெரும்பான்மை. புதையுண்டவன் பிழைக்கும் வாய்ப்போ முதற் கால்மணி நேரத்துள் விரைந்து தேய்கிறது. 2013 முதல் அந்நாட்டில் ஐந்து படிநிலைகளில் அவ்விடர் முன்னறிவிக்கப்படுகிறது. தனியே செல்லாதே என்ற விதி நீக்கப்பட்டதையும் ஏற்கலாம். எவருங் கைக்கொள்ளாத விதி பிற விதிகளின் மதிப்பையுங் குறைக்கும். ஆனால், தேர்ந்த மலைமக்கள் சொற் கேள் என்பதை நீக்கியதை நான் ஏலேன். முன்னறிவிப்பு ஒரு வட்டாரம் முழுமைக்கும் உரியது. மனைக்காவலரோ நேற்று எந்த முகட்டிற் காற்றுப் பனியைக் குவித்தது என்று சொல்ல வல்லவர். ஐம்பது கடந்த ஆசிரியன் மூத்தோர் சொல்லுக்குப் பரிந்து பேசுவது வியப்பன்று என்று மாணவர் நகுவராயின் நகுக.

ஒன்பதாவது விதியிலும் பழம்பாடமே சிறந்தது. ஆற்றலைச் சேமித்து, வேண்டின் பனியைத் தோண்டி உட்புகு என்றது அது. புதியது, புகலிடந் தேடு என்கிறது. முன்னதிற் கைக்குச் செயல் உண்டு. ஆற்றல் தீருமுன் தோண்டவேண்டும் என்ற குறிப்பும் உண்டு.

எட்டாவது விதியை மட்டும் திருத்தியோர் தொடவில்லை. காலத்தோடு திரும்பு, திரும்புவதில் நாணமில்லை என்பது அதன் பொருள். இதன் நுட்பம் 'நாணம்' என்னுஞ் சொல்லில் இருக்கிறது. கருவியின்மையாலும் அறியாமையாலும் மட்டும் மனிதர் மலையில் இறப்பதில்லை. தோழர்முன் முதலிற் பின்வாங்குபவனாக இருக்க நாணியும் இறக்கின்றனர். விதி வகுத்தோர் அதனையறிந்து, ஏனை விதிகளிற் காலையும் கையையும் நோக்கிப் பேசியவர் இங்கு மனத்தை நோக்கிப் பேசினர்.

இவ்விதியைப் புயல் நடுவில் நினைத்துப் பயனில்லை. புறப்படுமுன் திட்டத்திலேயே அதற்கு இடம் வகுக்கவேண்டும். எத்தனை மணிக்கு எவ்விடத்தை அடையாவிடின் திரும்புவது என்று தாளில் எழுதுக. மூன்று மனைகளைத் தொடுவதைவிட, ஃபின்சேக்கு அருகே ஒரு மனையில் இருந்து நாள்தோறும் சென்று மீளுதல் ஐந்து நாளுக்குப் போதும். செவ்வாய்க்கிழமை வாராதிருக்க நேரலாமென்று அலுவலகத்துக்கும் முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

புயல் வீசுஞ் சனிக்கிழமை மனையுள் அடைபட்டோர் பொழுது போக்குவதற்கும் அந்நாட்டார் வழி கண்டுள்ளனர்: உயிர்த்த ஞாயிற்று விடுமுறையிற் துப்பறியும் நாவல் படிப்பது அங்கு மரபு. 1923 இல் நூர்தால் கிறீக், நில்ஸ் லீ என்னும் இருவர் புனைபெயரில் எழுதிய கதையோடு அது தொடங்கியது. பேர்கன் புகையிரதம் இரவிற் கொள்ளையிடப்பட்டது என்ற பொருள்படும் அந்நூற்பெயரைச் செய்தித்தாளின் முகப்பில் விளம்பரமாகக் கண்ட பலர், உண்மைச் செய்தியென்றே நம்பித் திகைத்தனராம். மனையில் இருந்து அதனைப் படிப்போர் திங்களன்று ஏறவேண்டியதும் அதே பாதையிற் செல்லும் வண்டியே.