கேற்றுத் திறப்பு யாரிடம்?

வடக்கு மாகாணத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கு,



வலிகாமத்தில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தால், அதில் உங்கள் திணைக்களத்துக்கு ஓரிடம் எப்போதும் இருக்கும். சிறப்பு விருந்தினர் வரிசையில் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் பெயர் வரும். அவர் வருவார், மாலை போடுவார்கள், மங்கல விளக்கு ஏற்றுவார், வீரர்களோடு கைகுலுக்குவார், படம் எடுப்பார்கள். அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பின்பக்கத்துக் கேற் பூட்டிக் கிடக்கிறதே, அதன் திறப்பு யாரிடம்? மருதனார்மடத்திலிருந்து இந்த மடலை எழுதுவது அதைக் கேட்கத்தான்.

எங்கள் பக்கத்து ஆட்டங்களைக் கதிரை வரிசையில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். மின்னொளி ஆட்டம், அணிக்கு ஏழு பேர் அல்லது ஒன்பது பேர். நுழைவுச்சீட்டு விற்கவேண்டும் என்பதற்காக மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்திருப்பார்கள். உள்ளே வர ஒரு வழி. வெளியே போகவும் அதே வழி. அந்த வழியிலேயே மோட்டார் சைக்கிள்களை நெருக்கி விட்டிருப்பார்கள், பக்கத்தில் கடலை வண்டி, ஐஸ்கிறீம் வான். எல்லைக்கோட்டுக்கு ஒரு முழத்தில் சனம். கொடி பிடித்து ஓடும் துணை மத்தியஸ்தர் நீட்டிய கால்களைத் தாண்டித்தான் ஓடவேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு கூட்டம், மதிலில் வரிசையாகச் சிறுவர்கள், புல்லுக்குள்ளால் போகும் மின்பிறப்பாக்கி வயர். பொலிஸார் இரண்டு பேர் அறிவிப்பாளரின் கொட்டகையடியில் நிற்பார்கள். பாவம், அவர்களும் ஆட்டம்தான் பார்ப்பார்கள். அவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும்.

இதில் ஒரு தண்டனை உதை போதும். மத்தியஸ்தர் கையை நீட்டிப் புள்ளியைக் காட்டியதும் ஒரு பக்கம் கொதிக்கும். முதலில் வசவு, பிறகு தண்ணீர்ப் போத்தல், பிறகு பத்துப் பேர் உள்ளே. “ரசிகப் பெருமக்கள் தயவுசெய்து மைதானத்தைவிட்டு வெளியேறவும்” என்று அறிவிப்பாளர் மன்றாடுவார். பெரும்பாலும் கழகத்துப் பெரியவர்கள் நாலு பேர் போய்த் தோளில் கைபோட்டு இழுத்து வந்துவிடுவார்கள், ஆட்டம் தொடரும். அப்படி அடங்காத அன்று ஜீப் வரும். பொல்லோடு குதித்து இறங்குவார்கள். சனம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓடும், அந்த ஒரே வழியை நோக்கி.

உள்ளே புகுந்த பத்துப் பேரைவிட இந்த ஓட்டத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். பெடியள் ஓடுவதற்குக் காரணமும் உண்டு. 2016 ஒக்டோபர் 20 இரவு, இங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் இதே காங்கேசன்துறை வீதியில், குளப்பிட்டிச் சந்தியடியில், மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். விபத்து என்று முதலில் கதை வந்தது. சுடப்பட்டது பிறகு தெரிந்தது. பொலிஸார் ஐவர் கைதானார்கள். அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்று தகர வேலிக்குள் நின்று விசிலடிக்கிறார்கள். ஜீப்பைக் கண்டால் நின்று விளக்கம் சொல்லலாம் என்ற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதற்கு முந்திய தலைமுறைகளுக்கும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்தின் பெரிய ஆட்டங்கள் நடக்கும் துரையப்பா விளையாட்டரங்குக்குப் பக்கத்தில் முற்றவெளி இருக்கிறது. நீங்கள் அங்குள்ள நினைவுத்தூண்களைக் கடந்துதான் போய்வருவீர்கள். அவை நினைவூட்டும் நாள் 1974 ஜனவரி 10, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்துக்குள் அடங்காத சனம் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த திறந்தவெளி அரங்குக்குக் கூட்டத்தை மாற்றலாம் என்று பார்த்தார்கள். அதன் கதவு திறக்கப்படவில்லை. அனுமதி தரவேண்டிய மாநகர முதல்வரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. மண்டபத்தின் முன்னால் அவசரமாக மேடை போட்டார்கள், சனம் வெளியிலும் வீதியிலும் அமர்ந்து பேச்சுக் கேட்டது. வீதியை மறிக்கிறார்கள் என்று பொலிஸ் வந்தது. தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, அறுந்து விழுந்த மின்கம்பி. ஒன்பது உயிர்கள் போயின. அதற்குப் பிறகு இந்தத் தீவில் நடந்தவற்றுக்கு அந்த இரவைத் தொடக்கமாகச் சொல்பவர்கள் பலர். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. கூட்ட ஒழுங்கு என்ற கண்ணால் மட்டும் பாருங்கள்: திறக்காத ஒரு கதவு, ஓட இடமில்லாத ஒரு கூட்டம், அதற்குள் புகை.

அதே மூன்றும் சேர்ந்துதான் 2022 ஒக்டோபர் முதலாம் திகதி இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் 135 பேரைக் கொன்றன. கஞ்சுருஹான் மைதானம். அரேமா அணி, பரம வைரியான பெர்செபாயாவிடம் 3–2 என்று தோற்றது. சண்டை வரும் என்று பயந்து எதிரணி ரசிகர்களை முன்கூட்டியே தடுத்திருந்தார்கள். ஆகவே அன்று மோதிக்கொள்ள எதிரி என்று ஒருவரும் மைதானத்தில் இருக்கவில்லை. தோற்ற கோபத்தில் சிலர் உள்ளே இறங்கினார்கள். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, இறங்காமல் ஆசனங்களில் இருந்தவர்கள் மேலும் அடித்தது. பிள்ளைகளோடு வந்தவர்கள் ஒடுக்கமான வாசல்களில் போய் நெரிந்தார்கள். மைதானத்துக்குள் இந்தப் புகையைக் கொண்டுவரவே கூடாது என்று பீபாவின் பாதுகாப்பு விதியில் இருக்கிறது. அங்கே அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

இது புதிய பாடமும் இல்லை. 1964 மே மாதம் பெருவின் லீமா நகரில், பெரு அடித்த கோல் ஒன்றை மத்தியஸ்தர் மறுத்தார். ரசிகர் சிலர் உள்ளே பாய்ந்தார்கள். பொலிஸ் புகை அடித்தது. சனம் படிக்கட்டுகளால் இறங்கி ஓடியது, கீழே இரும்புக் கதவுகள் பூட்டியிருந்தன. 328 பேர் இறந்தார்கள். அசையாமல் ஆசனத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1988 மார்ச்சில் காத்மண்டு தசரத் மைதானத்தில் பொலிஸோ ரசிகரோ சண்டையைத் தொடக்கவில்லை. ஆலங்கட்டி மழைதான் பெய்தது. ஒதுங்க ஓடிய சனத்துக்கு முன்னால் கதவுகள் பூட்டியிருந்தன. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்வார்கள். மழைக்கு எந்தக் கழகத்தைக் குற்றம் சொல்வது?

“எல்லாம் போதை, ஐயா. குடிச்சுப்போட்டு வாறாங்கள்” என்று உங்கள் அதிகாரிகள் அறிக்கை எழுதக்கூடும். ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோவில் 1989 ஏப்ரல் 15 அன்று கம்பி வேலியோடு ஏற்பட்ட நெரிசல் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைப் பறித்தபோதும் அதே கதைதான் முதலில் வந்தது: குடித்த ரசிகர்கள் கேற்றை உடைத்தார்கள் என்று. கேற்றைத் திறக்கச் சொல்லிக் கட்டளையிட்டவர் அன்றைய பொலிஸ் பொறுப்பாளர். ஏற்கெனவே நிறைந்திருந்த பகுதிக்குப் போகும் சுரங்கவழியை மறிக்காமல் திறக்கவைத்தார். ரசிகர்கள்மேல் பிழையில்லை என்றும் இது சட்டவிரோதக் கொலை என்றும் மரண விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல 2016 ஆனது. இருபத்தேழு வருடம். பிரித்தானியாவிலேயே அவ்வளவு காலம் என்றால் இங்கே எவ்வளவு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தை நான் வெள்ளையடிக்கவில்லை. ஊருக்கும் ஊருக்கும் உள்ள பழைய கறளைப் பந்துக்குள் காற்றோடு சேர்த்து அடைத்துத்தான் விளையாடுகிறோம். எந்தப் பங்கு, எந்தக் கரை, எந்த வட்டாரம் என்பதெல்லாம் வசவில் வெளியே வரும், சாதியும் சேர்ந்து. பந்துகாப்பாளருக்குப் பின்னால் நின்று அவருடைய தாயை இழுத்துத் திட்டுவதை வீரம் என்று நினைக்கும் கூட்டம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பரிசுப் பணம் அனுப்பும் அண்ணன்மார் நேரலையில் பார்த்துக்கொண்டு கைபேசியில் நெய் ஊற்றுவார்கள். வாள்வெட்டுக் காலத்தில் வளர்ந்த சிலருக்கு ஆட்டம் முடிந்த பிறகு ஒழுங்கை முடக்கில்தான் மறு ஆட்டம். பெண்கள் மைதானத்துக்கு வருவது குறைவு என்று குறைப்படுகிறோம். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அணி அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் தூக்கிய மண் இது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் இந்த வசவுக்கு நடுவில் எப்படி வந்து நிற்பார்கள்? இதையெல்லாம் திருத்தவேண்டியது கழகங்களும் லீக்குகளும்தான், பொலிஸ் அல்ல.

ஆனால் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஒழுங்கு வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் தடுப்புகளை உடைத்துச் சனம் முன்னுக்கு வந்தபோது அந்தப் பேச்சுத்தான் ஊரெல்லாம் அடிபட்டது. காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் இடம் வைத்து, இலவசமாக வரச்சொன்ன பெருங்கூட்டத்தைத் தொலைவில் நிற்கவிட்டால் வேறென்ன நடக்கும்? அதே சனம் அங்கிருந்து சிறிது தூரத்தில் நல்லூர்த் தேரன்று லட்சக்கணக்கில் கூடுகிறது. வீதிகள் முன்கூட்டியே மூடப்படும், வாகனத்துக்கு வேறு பாதை, சாரணர்கள், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை, தண்ணீர்ப் பந்தல், எந்தப் பக்கத்தால் வருவது எந்தப் பக்கத்தால் போவது என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் பொலிஸாரும் நிற்பார்கள், வழி காட்டிக்கொண்டு. பக்தி ஒரு காரணம் என்பீர்கள். பக்தி மட்டும் போதுமென்றால் இந்தியக் கோயில் திருவிழாக்களில் நெரிசலில் யாரும் இறக்கக்கூடாது. நல்லூரில் கூட்டத்தை எதிர்பார்த்து ஆயத்தம் செய்கிறார்கள். மைதானத்தில் கூட்டத்தைக் கண்ட பிறகுதான் யோசிக்கிறார்கள்.

துரையப்பா அரங்கை இந்திய உதவியோடு திருத்தி 2016 ஜூனில் திறந்தபோது அதன் இருக்கைகள் ஏறத்தாழ 1,850. பெரிய இறுதியாட்டம் ஒன்றுக்கு அதைவிட எத்தனை மடங்கு சனம் சுற்றி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும் வேலை இப்போது எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ஊர் மைதானங்களில் தற்காலிக மேடைகளும் பெட்டிகளும் வேறு. இந்தியாவின் மலப்புரம் மாவட்டத்தில் காளிகாவு அருகே 2022 மார்ச்சில் எழுவர் ஆட்ட இறுதிப்போட்டியில் மரத்தால் கட்டிய பார்வையாளர் மேடை சரிந்து நூற்றுக்கும் அதிகமானோர் காயப்பட்டார்கள். அங்கே அடிதடி எதுவும் நடக்கவில்லை. சனம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

நான் புதிய சட்டம் கேட்கவில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: ஒலிபெருக்கி அனுமதி. அது இல்லாமல் இந்த மாகாணத்தில் எந்தக் கழகமும் சுற்றுப்போட்டி நடத்தமுடியாது. அறிவிப்பாளர் இல்லாத இறுதியாட்டத்தை யார் பார்ப்பார்கள்? இன்று அந்த அனுமதியில் எத்தனை மணிக்கு நிறுத்தவேண்டும் என்று மட்டும் எழுதுகிறீர்கள். கூடவே சில வரிகள் எழுதுங்கள். தகரம் அடித்தால் எதிரெதிராக இரண்டு வாசல். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் இரண்டும் திறந்திருக்கவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் திறப்போடு நிற்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டும். வாசலடியில் வாகனம் விடக்கூடாது. எல்லைக்கோட்டிலிருந்து சில மீற்றர் தள்ளிக் கயிறு. அம்புலன்ஸ் வர ஒரு பாதை. ஊர்த் தொண்டர்களுக்கு நிறம் தெரியும் மேலங்கி. சந்தேகம் என்றால் முதல்நாள் பின்னேரம் ஒரு சார்ஜன்ட் போய் நடந்து பார்த்துவிட்டு வரட்டும், அரை மணித்தியால வேலை.

உங்கள் பக்கத்தில் இரண்டு. ஒன்று, உதைபந்தாட்ட மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை போகாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு. பீபா விதி எங்கள் ஊர்க் கிண்ணங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் கையெழுத்துக் கட்டுப்படுத்தும். மற்றது, மைதானத்துக்கு அனுப்புகிறவர்களில் ஒருவராவது தமிழில் சனத்தோடு கதைக்கக்கூடியவராக இருக்கட்டும், அவர் கையில் ஒலிபெருக்கியும் இருக்கட்டும். “வடக்கு வாசல் திறந்திருக்கு, நடந்து போங்கோ” என்று ஒரு குரல் கேட்டால் சனம் நடக்கும். பொல்லும் விசிலும் விளங்காத அதட்டலும் மட்டும் வந்தால் ஓடும்.

கழகங்கள் முதலில் முறுமுறுக்கும். அமைச்சர் ஒருவரிடம் சொல்லி உங்களுக்குத் தொலைபேசி எடுப்பிப்பார்கள், அதுவும் நடக்கும். கையெழுத்தைப் பிடித்து வைத்திருங்கள். ஒன்றிரண்டு சுற்றுப்போட்டி தள்ளிப்போனால் அடுத்த கழகம் நீங்கள் கேட்காமலே இரண்டாவது வாசலை வெட்டிவிடும். கனடாவிலிருந்து பரிசுப் பணம் வந்துசேர்ந்த பிறகு இறுதியாட்டத்தை நிறுத்திவைக்க எங்கள் ஊர்களில் எந்தச் செயலாளருக்கும் துணிவு கிடையாது.

இப்படிக்கு,
உதைபந்தாட்ட ரசிகன் ஒருவன்,
மருதனார்மடம்.