பதேபூர் சிக்ரியில் ஒரு துபாஷி

தெற்கிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்ற செய்தி கிட்டியதும், டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு ஆக்ராவைப் பற்றியதாகவே இருக்கும். தாஜ்மகாலைக் காட்டாமல் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டால் பிறகு நம் பெயர் என்ன ஆவது! ஆகவே யாவரும் ஆக்ராவுக்குச் செல்கின்றனர். சென்றவர்களில் பலர் அன்று மாலையே திரும்பியும் விடுகின்றனர். ஓர் இரவு தங்கி, மறுநாள் காலைப் பொழுதை மட்டும் ஒதுக்க இயலுமாயின், ஆக்ராவுக்கு மேற்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பதேபூர் சிக்ரியையும் கண்டு வரலாம். வெள்ளிக்கிழமையன்று ஆக்ராவுக்குப் போய், தாஜ்மகாலின் வாயில் அடைத்திருக்கக் கண்டு ஏங்கி நிற்போர்க்கும் இது ஏற்ற வழி. சிக்ரியின் அரண்மனைக்கு அந்த விடுமுறை கிடையாது.

தாஜ்மகாலைக் காண்பதற்கு வழிகாட்டி தேவையில்லை. கண் இருந்தால் போதும். சிக்ரி அப்படிப்பட்டதன்று. செம்மணற்கல்லால் ஆன முற்றங்களும் மண்டபங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாய் நிற்கின்றன. எது யாருடையது, எது எதற்கு என்று சொல்ல ஒருவர் உடன் இல்லையேல், அரை மணி நேரத்தில் பெரியவர்கள் நிழல் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாகச் செல்லும் சுற்றுலாவில் வழிகாட்டியின் குரல் முதல் வரிசையோடு நின்றுவிடுகிறது. முழங்கால் வலிக்காரருக்காக அவர் காத்திருப்பதும் இல்லை. ஆதலால் நம் குடும்பத்துக்கென்றே ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொள்வது நல்லது. அரசின் உரிமம் பெற்றவரா என்று அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கூலியையும் நேரத்தையும் புறப்படுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். ஊரை நெருங்கும்போது வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, தாமே சர்க்கார் வழிகாட்டி என்று சொல்லி முன்னிருக்கையில் ஏறிக்கொள்ள முயல்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு மேலே செல்க.

இவையெல்லாம் எவரும் சொல்லக்கூடிய யோசனைகளே. நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. வழிகாட்டி பேசுவது இந்தி. அல்லது இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழி. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது விளங்காது. இருவருக்கும் இடையே நின்று தமிழில் எடுத்துச் சொல்லும் துபாஷி வேலை, பெரும்பாலும் வடக்கிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது. அந்தப் பிள்ளை சொல்வதே தாத்தாவும் பாட்டியும் ஊருக்குக் கொண்டு செல்லும் சரித்திரம். பத்து ஆண்டுகள் கழித்தும் திண்ணையில் அமர்ந்து அவர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சிக்ரியில் இது சிறிய பொறுப்பு அன்று. அங்கே கல்லும் கதையும் அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன.

முதலில் கல்லின் பக்கம். பிள்ளையில்லாக் குறையோடு இருந்த அக்பர் சக்கரவர்த்தி, சிக்ரிக் குன்றில் வாழ்ந்த ஷேக் சலீம் சிஷ்தி என்னும் பெரியாரை நாடி வந்தார். மூன்று மக்கள் பிறப்பர் என்று அவர் வாழ்த்தினார். 1569-இல் சலீம், 1570-இல் முராத், 1572-இல் தானியால் பிறந்தனர். முதல் இருவரும் பிறந்தது சிக்ரியிலேயே. இந்த வாழ்த்தைப் பிற்காலத்தில் ஜஹாங்கீர் என்ற பட்டப் பெயரோடு அரசாண்ட சலீமே தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். 1571 முதல் அக்குன்றின்மேல் தலைநகரம் எழுந்தது. குஜராத்தை வென்ற பின்னர் அது வெற்றி நகர் என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. 1580-இல் கோவாவிலிருந்து அக்வாவிவா, மான்செராத்தே முதலிய கிறிஸ்தவப் பாதிரிமார்கள் வந்து அக்பரின் அவையில் வாதம் புரிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வந்த ரால்ப் பிட்ச் என்ற ஆங்கில வணிகருக்கு, ஆக்ராவும் பதேபூரும் தனித்தனியே லண்டனைவிடப் பெரிய நகரங்களாகத் தோன்றின. 1585-இல் அக்பர் பஞ்சாபை நோக்கிப் புறப்பட்டார். அரசவை மீண்டும் சிக்ரியில் நிலைகொள்ளவில்லை.

இனிக் கதையின் பக்கம். பெரிய அந்தப்புர மாளிகையின் முன் நின்று, “இது ஜோதாபாய் அரண்மனை” என்பார் வழிகாட்டி. அக்பர் ஆமேர் அரசர் பார்மலின் மகளை 1562-இல் மணந்தது உண்மை. சலீமைப் பெற்ற அந்த அரசிக்கு மரியம்-உஸ்-ஸமானி என்ற பட்டம் இருந்ததும் உண்மை. ஆனால் அக்பர் காலத்து நூல்களில் ஜோதாபாய் என்ற பெயர் அவருக்கு இல்லை. ஜோத்பூர் இளவரசியை மணந்தவர் மகன் ஜஹாங்கீர். மருமகளின் பெயர் மாமியாருக்கு ஏறிவிட்டது போலும்! மரியம் என்ற பட்டமோ மற்றொரு கதைக்கு வித்திட்டது: அருகிலுள்ள சிறு மாளிகை அக்பர் கோவாவிலிருந்து மணந்துவந்த கிறிஸ்தவ மனைவியின் இல்லமாம். பீர்பாலின் வீடு என்று காட்டப்படுவது அந்தப்புரத்தை ஒட்டி நிற்கிறது. எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் ஓர் அமைச்சரை அங்கே யார் குடிவைப்பார்கள்? அரசிமாரின் மாளிகைகளுள் ஒன்றாகவே அதை ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மசூதி முற்றத்தில் அடைபட்ட ஒரு வாயிலைக் காட்டி, அனார்கலி தப்பிச் சென்ற சுரங்கம் என்பார்கள். 1955-இல் தெலுங்கில் எடுக்கப்பட்டுத் தமிழிலும் ஓடிய ‘அனார்கலி’ படத்தை இளமையில் பார்த்த பெரியவர்கள் இவ்விடத்தில் கண் கலங்குவதைக் காணலாம். அவளைப் பற்றி அபுல் பஸல் எழுதவில்லை, ஜஹாங்கீரும் எழுதவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்த என் மாமனார் மாமியாரை அழைத்துச் சென்றபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் துபாஷி. வழிகாட்டி இருபத்தைந்து வயது இளைஞர், இனிமையாகப் பேசுபவர். அவர் இந்தியில் சொல்லச் சொல்ல, இவள், “ஜோதாபாய் இங்கே இருந்தாள், இந்தத் துளசி மாடத்தில் பூஜை செய்தாள்” என்று ஒப்பித்து வந்தாள். என் மாமியார் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். அவர் நின்று, “இருந்தாளா, இருந்தாளாமா?” என்று கேட்டார்.

பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை. வீட்டில் நாம் பேசும் தமிழ், வாங்கு, வை, சாப்பிடு என்ற அளவில் சுருங்கிவிட்டது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லும் அந்த ‘ஆம்’ அவள் நாவில் ஏறவே இல்லை. பாட்டி தூண்மேல் சாய்ந்தபடி விளக்கினார்: “நீ கண்ணால் பார்த்திருந்தால் இருந்தாள். ஏட்டில் எழுதியிருந்தாலும் இருந்தாள். வாய்வழியாக வந்ததென்றால் இருந்தாளாம்.” மூன்றே வாக்கியம்! வரலாற்று ஆசிரியர் ஒரு மாதம் நடத்தும் பாடம் அதில் அடங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது.

அதன்பின் மகள் ஒவ்வொரு செய்திக்கும் வழிகாட்டியைத் திருப்பிக் கேட்கலானாள்: எழுதியிருக்கிறதா, சொல்லிக்கொள்கிறார்களா? இளைஞர் முதலில் சற்றுத் திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். சிறிது நேரத்தில் அவரே “கஹதே ஹைன்” என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். இந்திக்காரருக்கும் ‘ஆம்’ உண்டு. கேட்பவர் இருந்தால் வெளியே வருகிறது. அவருக்குத் தெரிந்திருந்த உண்மைகளோ கதைகளைவிட மிகுதி. பஞ்ச மகாலின் ஐந்து அடுக்குகளில் 84, 56, 20, 12, 4 என்று தூண்கள் குறைந்துகொண்டே போய் மொத்தம் 176 ஆவதை விரல்விட்டுக் காட்டினார். திவான்-இ-காஸ் என்னும் மண்டபத்தின் நடுத்தூண், 36 வளைந்த தாங்கிகளால் மேலேயுள்ள வட்ட மேடையைச் சுமப்பதையும், அம்மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கல் நடைபாதைகள் செல்வதையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சோதிடர் இருக்கை எனப்படும் சிறு மண்டபத்தில் அவர் சுட்டிய வளைவுத் தோரணம் குஜராத்துச் சமணக் கோயில்களில் உள்ளதைப் போன்றதே. கல்லில் மரவேலை செய்த அக்கைகள் எந்த நாட்டுக் கைகள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கதைகளை இழிவாகக் கருதுவதற்கில்லை. நம் மாமல்லபுரத்தை நினைத்துப் பார்த்தால் போதும். பல்லவர் ஒற்றைக்கல்லில் குடைந்த தளிகளுக்கும் பாண்டவர்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திரௌபதி ரதம் எனப்படுவதன் உள்ளே நிற்பவள் துர்க்கை. ஆயினும் தருமர், பீமர், அருச்சுனர் என்று ஊரார் பெயரிட்டு அழைத்து, அப்பெயர்களே நிலைத்துவிட்டன. ஆளில்லாக் கட்டடத்தைக் கண்டால் அதில் யாரையாவது குடிவைத்துப் பார்ப்பது மனித இயல்பு. சிக்ரியிலும் அதுவே நடந்திருக்கிறது. துறவியின் கைக்குழந்தை, அரசனுக்குப் பிள்ளை பிறப்பதற்காகத் தன் உயிரைத் தந்ததாம் என்று மசூதியின் பின்புறம் ஒரு சிறு சமாதியைக் காட்டிச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘ஆம்’ என்று சொல்லப்பட்டதனால் கண்ணீர் குறைந்துவிடவில்லை.

ஆனால் ஒரு கதையில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமையால் நகரம் பதினான்கே ஆண்டுகளில் கைவிடப்பட்டது என்று வழிகாட்டிகளும் சொல்வார்கள். சில பாடப் புத்தகங்களும் சொல்லும். குன்றை ஒட்டி ஒரு பெரிய ஏரியே கட்டப்பட்டிருந்தது. 1582-இல் ஒருமுறை அதன் கரை உடைந்ததுண்டு. எனினும் 1619-இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியபோது ஜஹாங்கீர் பரிவாரங்களோடு இங்கே வந்து ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியிருக்கிறார். ஏரியின் சுற்றளவு ஏழு கோசம் என்றும் குறித்திருக்கிறார். 1585-இல் காபூலை ஆண்ட தம்பி மிர்சா ஹக்கீம் இறந்தார்; வடமேற்கு எல்லையில் உஸ்பெக்குகளின் அச்சம் மூண்டது. அக்பர் லாகூரில் போய்த் தங்கி 1598 வரை அங்கிருந்தே ஆண்டதற்கு இவையே தக்க காரணங்களாகத் தோன்றுகின்றன. தாகத்தால் ஓடிய அரசன் என்ற கதை கேட்கச் சுவையானது. அவ்வளவு பெரிய நகரைத் திட்டமிட்டவர்களைத் தண்ணீரைக்கூட எண்ணாத மூடர்களாக்கிவிடுகிறது என்பதுதான் அதில் குறை.

மசூதியின் தெற்கு வாயிலான புலந்து தர்வாசாவிலும் இத்தகைய முடிச்சு ஒன்று உண்டு. தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 54 மீட்டர் உயரம் எழும் அவ்வாயில் குஜராத் வெற்றியின் சின்னம் என்பது வழக்கு. அதிலுள்ள 1601-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ தக்கண வெற்றியைப் பேசுகிறது. இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முற்றத்தில் முத்துப்போல் நிற்கும் சலீம் சிஷ்தியின் பளிங்குச் சமாதியில் சந்ததி வேண்டுவோர் சல்லடை ஜன்னல்களில் நூல் கட்டுகிறார்கள். எல்லா மதத்தாரும் கட்டுகிறார்கள். அதற்கு முன்னதாகப் போர்வையும் பூவும் விற்போர் சூழ்ந்துகொண்டு பெருந்தொகை கேட்பர். விருப்பம் இல்லையேல் மறுத்துவிடலாம், சமாதியைக் காண்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. காலணிகளைக் கழற்ற வேண்டும்; பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும், ஆகையால் பெரியவர்களுக்குக் காலுறை எடுத்துச் செல்க. வெள்ளியன்று நண்பகல் தொழுகைக்கு முன்பே மசூதியைப் பார்த்து முடித்துவிடுவது முறை.

காலை ஆறரை மணிக்கு ஆக்ராவிலிருந்து புறப்பட்டால் எட்டு மணிக்குள் அரண்மனை வாயிலில் நிற்கலாம். ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களே ஏற்றவை. வண்டி தொலைவிலேயே நின்றுவிடும். அங்கிருந்து மேலே செல்லச் சிற்றுந்து உண்டு. வழிகாட்டி விடைபெறுமுன் சபீலி தீலா என்னும் மேட்டைப் பற்றி அவரிடம் கேளுங்கள். 1999-2000-இல் தொல்பொருள் துறையினர் அங்கே அகழ்ந்தபோது சமணச் சிற்பங்கள் பல கிடைத்தன. அவற்றுள் ஒரு சரசுவதி சிலை 1010-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்பர் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சிக்ரி ஓர் ஊராக இருந்திருக்கிறது. இப்பொழுதும் ஊராகத்தான் இருக்கிறது: மதிலுக்குள்ளே குன்றின் அடிவாரத்தில் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் நெரிசலுமாக மக்கள் வாழ்கிறார்கள். அக்கடைத்தெருவில் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்து விற்கும் நான்கட்டாய் பெயர் பெற்றது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டால் ஆக்ரா வந்து சேரும்வரை பிள்ளைகள் தொந்தரவு செய்யமாட்டார்கள்.