அடுப்பிலும் பூ வரைந்தவர்



பழைய வீடுகளைப் புதுப்பித்தவர்களின் அனுபவங்களை இந்த இதழுக்காகத் தொகுத்த நாட்களில், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் குட்டி வீடு ஒன்று என் நினைவைவிட்டு அகலவே இல்லை.

மார்ஷல்டவுன் என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த வீடு அது. ஒரே ஓர் அறை, படுக்க மேலே ஒரு பரண். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. மீன் விற்றுப் பிழைத்த எவரெட் லூயிஸைக் கைப்பிடித்து, 1938இல் ஓவியர் மாட் லூயிஸ் அங்கே வாழ வந்தார். அவருக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போயிருந்தன. வீட்டு வேலைகளைப் பெரும்பாலும் கணவரே பார்த்துக்கொண்டார். மாட் தூரிகையை எடுத்தார்.

கதவில் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் துலிப் மலர்கள். பரணுக்கு ஏறும் படிகளில் பூக்கள். ரொட்டிப் பெட்டி, குப்பை அள்ளும் தட்டு என்று கைக்கு எட்டிய எதையும் அவர் வெறுமையாக விடவில்லை. தினமும் விறகு எரிந்த இரும்பு அடுப்பின்மீதும் பூ பூத்தது! படகுக்கு அடிக்கும் பெயின்ட்டைக்கூட எவரெட் கொண்டுவந்து கொடுப்பார். அந்த நிறங்களைப் பெரும்பாலும் கலக்காமல், மாட் அப்படியே பளிச்சென்று தீட்டினார். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, இரண்டு மூன்று டாலருக்கு அவர் படங்களை வாங்கிப் போனார்கள். அவர் விற்காமல் தனக்கென்று வைத்துக்கொண்ட பெரிய ஓவியம் அந்த வீடுதான் என்று எனக்குத் தோன்றும்.

1970இல் மாட் மறைந்தார். 1979இல் வீட்டுக்குள் புகுந்த திருடனால் எவரெட் கொல்லப்பட்டார். ஆளில்லாத வீடு ஈரத்திலும் குளிரிலும் நைந்துபோகத் தொடங்கியது. அக்கம்பக்கத்து மக்கள் அதைக் காப்பாற்றச் சங்கம் அமைத்தார்கள். 1984இல் மாகாண அரசு வீட்டை வாங்கி, நோவா ஸ்கோஷியா கலைக்கூடத்திடம் ஒப்படைத்தது. சீரமைப்புப் பணி 1996இல் தொடங்கியது.

அதே பூக்களை அதே நிறத்தில் புதிதாக வரைந்துவிடுவது சுலபம். கலைக்கூடத்தார் அதைச் செய்யவில்லை. உரியத் தொடங்கிய பழைய பெயின்ட்டைப் பொறுமையாக நிலைப்படுத்தி, மாட்டின் கை இழுத்த கோடுகளையே காப்பாற்றினார்கள். பணியின் ஒரு பகுதி ஹாலிஃபாக்ஸ் நகருக்கு அருகே ஒரு வணிக வளாகத்தில், பொதுமக்கள் பார்க்கும்படி நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இன்று அந்த வீடு முழுசாக ஹாலிஃபாக்ஸில் உள்ள அதே கலைக்கூடத்தின் கூரைக்குக் கீழ் நிற்கிறது.

வீட்டைப் புதுப்பிக்க ஆள் வந்ததும் நாம் முதலில் கொடுப்பது சுரண்டும் தகடு. ஒருநாள் பொறுங்கள். பாட்டி நிலைப்படியில் தீட்டிய தாமரையோ, பெரியப்பா மரப்பெட்டியில் வரைந்த கிளியோ உங்கள் வீட்டில் இன்னும் மிச்சம் இருக்கலாம். இருந்தால் படம் எடுங்கள். வரைந்தவர் பெயர், எந்த ஊர், எந்த வருடம் என்ற விவரங்களோடு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்