மாமி சொன்ன மற்றப் பாதி

மருத்துவமனையில் வீட்டுப் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்துப் பழகிய பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

என் மாமி டாக்டரிடம், "எழும்பி நிண்டா தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது. படுத்தா சுகமா இருக்கு" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னது "கடுமையான தலையிடி" என்பதை மட்டுமே. மாமி வலி மாத்திரையோடு வீடு வந்து, வாரக்கணக்கில் சோபாவில் கிடந்தார். "யோசனை கூடிப்போச்சு" என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்தோம்.

இரண்டாம் முறை போனபோது மற்றப் பாதியையும் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். உடனே எம்ஆர்ஐக்கு எழுதினார்.

மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சுற்றி ஏறக்குறைய 150 மில்லிலீட்டர் நீர் இருக்கிறது. மூளை அதில் மிதக்கிறது. முள்ளந்தண்டுப் பக்கம் உறை கிழிந்து நீர் கசிந்தால், நிற்கும்போது மூளை கீழே இழுபடும், தலை இடிக்கும். படுத்தால் குறையும்.

முதுகில் ஊசி குத்தி நீரின் அழுத்தத்தை அளந்தால் போதாதா? போதாது. கசிவு உள்ள பலருக்கு அழுத்தம் சாதாரணமாகவே இருக்கும். கையில் மருந்து ஏற்றி எடுக்கும் தலை எம்ஆர்ஐயில், மூளையுறை பளிச்சென்று தெரிவதும் மூளை தாழ்ந்திருப்பதும் அடையாளங்கள். நீர் வெள்ளையாகத் தெரியும்படி எடுக்கும் முதுகு எம்ஆர்ஐயில், உறைக்கு வெளியே தேங்கிய நீரைப் பார்க்கலாம். முதுகில் ஊசியும் இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. 2023இல் பிரித்தானியாவில் வெளியான மருத்துவ வழிகாட்டலும் இந்த இரண்டையும்தான் முதலில் எடுக்கச் சொல்கிறது.

என் கருத்து இதுதான்: எம்ஆர்ஐ முதற்படியாக இருக்கட்டும், கடைசித் தீர்ப்பாக வேண்டாம். கசிவு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தலை எம்ஆர்ஐ சாதாரணமாகவே வரும். நீர் நேரே இரத்த நாளத்துக்குள் போகும் ஒரு வகைக் கசிவை மருத்துவர்கள் 2014இல்தான் முதலில் விவரித்தார்கள். அதைப் பிடிக்கப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டே பார்க்க வேண்டிவரும். ஆகவே "ஸ்கான் சரி, ஒன்றுமில்லை" என்றால், வலி தொடரும்வரை திரும்பக் கேளுங்கள்.

மாமிக்குக் கசிவு எம்ஆர்ஐயிலேயே தெரிந்தது. அவருடைய இரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தி அடைத்தார்கள். இப்போது நின்றுகொண்டு தோசை சுடுகிறார்.

நான் ஐடி ஆள். "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால், "என்ன செய்யும்போது?" என்றுதான் முதலில் கேட்பேன். மாமி அதைக் கேட்காமலே சொன்னார். நான்தான் சுருக்கினேன்.

நீங்கள் சுருக்காதீர்கள். நிற்கும்போதா, படுக்கும்போதா என்பதையும் சேர்த்தே மொழிபெயருங்கள். எந்த ஸ்கான் எடுப்பது என்று டாக்டர் முடிவெடுப்பது அதைக் கேட்டுத்தான்.