கதாபாத்திரத்துக்கு ஏன் பூட்டு?

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பாகமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டுக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் உள்ளனர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. அன்று, கதாபாத்திரத்தின் வலிமை, அறிவு, உடைமைகள் ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதிவைத்தனர். அத்தாளை எந்த நண்பர் வீட்டுக்கும் எடுத்துச் செல்ல முடிந்தது.

இன்று அத்தாளின் இடத்தை மென்பொருள் பிடித்துவிட்டது. வெவ்வேறு நாடுகளில் இருப்போரும் இணையம்வழி சேர்ந்து விளையாடுகின்றனர். ஆனால், ஒரு மென்பொருளில் உருவாக்கிய கதாபாத்திரத்தை மற்றொன்றில் அப்படியே திறக்கப் பெரும்பாலும் முடிவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தகவல்களைத் தனக்கே உரிய முறையில் சேமிப்பதே இதற்குக் காரணம். சேவை நிறுத்தப்பட்டால், பல ஆண்டுகள் வளர்த்த கதாபாத்திரமும் மறைந்துபோகலாம்.

இதற்குத் தீர்வு திறந்த பொது வடிவமாகும். அதாவது, தகவல்களை எவ்வாறு எழுத வேண்டும் என்னும் முறையை வெளிப்படையாக அறிவித்து, எல்லா மென்பொருள்களும் அதனைப் பின்பற்ற வேண்டும். சதுரங்கம் இதற்கு நல்ல சான்று. 1993இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த ‘பிஜிஎன்’ வடிவம், காய் நகர்த்தல்களைச் சாதாரண எழுத்துகளாலேயே பதிவுசெய்கிறது. அதனால், ஒரு மென்பொருளில் சேமித்த ஆட்டத்தை வேறொன்றிலும் திறந்து ஆராய முடிகிறது.

விளையாட்டுக்கு விளையாட்டு விதிகள் மாறுபடுவதால் ஒரே வடிவம் பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், பெயர், திறன்கள், உடைமைகள் போன்ற பொதுவான தகவல்களை ஒரே முறையில் எழுதலாம். மாறுபடும் தகவல்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கலாம். வாடிக்கையாளர்களை இழந்துவிடுவோம் என நிறுவனங்கள் அஞ்சவும் கூடும். ஆனால், வாடிக்கையாளரைப் பூட்டிவைப்பதைவிடத் தரத்தால் தக்கவைப்பதே சிறந்தது.

2023இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் அடிப்படை விதித் தொகுப்பே ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின்கீழ் யாவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. விதிகளே திறந்துவிடப்பட்ட பிறகு, விளையாடுவோரின் உழைப்பு மட்டும் பூட்டிக் கிடப்பது முறையன்று. உருவாக்கியவர் விரும்பும் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடிந்தால்தான் அந்தக் கதாபாத்திரம் உண்மையில் அவருடையதாகும்.