கண் நோயாளிக்குத் தமிழிற் சொல்லுங்கள்!

விடியுமுன் வன்னியிலிருந்து புறப்பட்டுப் பேருந்தேறி வந்த முதிய கமக்காரர் ஒருவர், வெண்புரைச் சத்திரசிகிச்சைக்கெனக் குறிக்கப்பட்ட நாளன்று, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டதை நாம் கண்டோம். அவர் இழைத்த குற்றம் யாது? நீரிழிவுக்கான இரத்தப் பரிசோதனை அறிக்கையை அவர் கொண்டுவரவில்லை. கொண்டுவரும்படி சொல்லப்படவில்லையா என வினவினோம். சொல்லப்பட்டதாம்! அவர் மடியிற் பத்திரமாக முடிந்து வைத்திருந்த துண்டில், ஆங்கிலத்தில், ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. வாசித்துச் சொல்லக்கூடிய மகன் கடல் கடந்த நாட்டில். எழுதிய வைத்தியரோ தமிழர்!

அம்முதியவர் மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். அதுவரை வரம்பில் தடுக்கி விழுவதும், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குப் போவதுமே அவர் விதி. இவ்விதியை எழுதியவன் பிரமன் அல்லன். ஒரு காகிதத் துண்டை நோயாளியின் மொழியில் எழுத மனமில்லாத நிர்வாகமே எழுதியது.

வெண்புரை என்பது கண்ணினுள் இருக்கும் வில்லை மங்கிப்போதல். மங்கிய வில்லையின் இடத்திற் செயற்கை வில்லையைப் பொருத்தும் முறையை 1949 இல் இலண்டனில் ஹரால்ட் ரிட்லி என்னும் வைத்தியர் தொடக்கிவைத்தார். இன்று பெரும்பாலும் கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, குறுகிய நேரத்தில் முடித்துவிடுகின்றனர். நோயாளி விழித்தபடியே படுத்திருக்கின்றார். “அசையாதீர், வெளிச்சத்தையே பாரும்” என்று வைத்தியர் சொல்லும்போது அவர் விளங்கிக் கீழ்ப்படிய வேண்டும். விளங்காத மொழியிற் சொன்னால்? கத்தி கண்ணிலிருக்கும் வேளையில் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதா?

சிகிச்சையிற் பாதி ஆயத்தமே. சீனி வியாதியும் குருதியமுக்கமும் முன்னரே கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். உட்கொள்ளும் குளிசைகள் அனைத்தையும் காட்டுதல் வேண்டும். சிறப்பாக, வயோதிபர் சிறுநீர்த் தடைக்கு எடுக்கும் சில குளிசைகள் சத்திரசிகிச்சையின்போது கதிராளியைத் தளரச் செய்வன. வைத்தியர் அதனை முன்கூட்டி அறியாவிடில் ஆபத்து நேரலாம். இமையிற் சீழோ உடலில் வேறு கிருமித் தொற்றோ இருப்பின் மறைக்கலாகாது. கண்மையும் முகப்பூச்சும் அன்று ஆகா. கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டபின் சில மணித்தியாலம் பார்வை கூசும். ஆதலால் சைக்கிளில் தனியே வரலாகாது, துணையொருவர் வேண்டும். சிகிச்சையின் பின் கண்ணைக் கசக்கலாகாது; வைத்தியர் அனுமதிக்கும்வரை சேற்றிலும் தூசியிலும் இறங்கலாகாது. நோவு கூடினால், கண் சிவந்தால், பார்வை குன்றினால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே திரும்பி வருதல் வேண்டும். இவற்றுள் எது தமிழிற் சொல்ல முடியாதது?

1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. சட்டப் புத்தகத்தில் தமிழ் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரித் துண்டில் ஏறவில்லை! விளங்காத படிவத்தின் அடியிற் பெருவிரலைப் பதித்து வாங்குவதற்குச் சம்மதம் என்று பெயரா? 1961 இல் கண்தானச் சங்கம் தோன்றியதிலிருந்து உலக நாடுகள் பலவற்றுக்குக் கண் வழங்கிய தேசம் இது. கண்ணையே தானமாக ஈந்த தேசம், தன் குடிமகனுக்கு ஒரு காகிதத்தைத் தமிழில் ஈயலாகாதா?

ஆயினும் ஆட்சியாளரை மட்டும் சாடிவிட்டு ஓய்வோமாயின் நாம் நேர்மையற்றவராவோம். தமிழ் வைத்தியப் பெருமக்களே! 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் போதித்தார். 1867 இல் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அந்நியர் ஒருவர் பெருநூலைத் தமிழில் ஆக்கினார்; தாய்ப்பாலோடு தமிழுண்ட உங்களுக்கு ஒரு துண்டெழுதக் கை கூசுகின்றதா? இதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, எந்த அமைச்சரின் கையொப்பமும் வேண்டியதில்லை. பேனா உங்கள் கையில்.

கமக்காரச் சகோதரரே! உங்களிடமும் ஒரு சொல். அறுவடையின்போது நெற்சுணையோ தாளோ கண்ணிற் கீறினால், தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விட்டுக் காலம் கடத்துகின்றீர்கள். அன்றேல் மருந்துக்கடையில் யாதோவொரு துளிமருந்தை வாங்கி விடுகின்றீர்கள். கீறலினூடே பூஞ்சணம் புகுந்திருந்தால், ஸ்ரெறொயிட் கலந்த துளிமருந்து அதை மேலும் வளர்த்துக் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். கண் அழுத்த நோயோ பெரும்பாலும் நோவின்றியே பார்வையைத் திருடும்; அது கொண்டுபோனது மீளாது. வயது நாற்பதைத் தாண்டியோரும் நீரிழிவுள்ளோரும் கண்ணைக் காலந்தோறும் காட்டுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், விளங்காத படிவத்திற் கைவையாதீர்கள். “தமிழிற் சொல்லுங்கள் ஐயா” என்பது யாசகம் அன்று, உரிமை.

நாம் கேட்பன மூன்றே. யாழ்ப்பாணமாயினும் மட்டக்களப்பாயினும் மலையகமாயினும் கொழும்பாயினும், தமிழர் செல்லும் கண் சிகிச்சை நிலையம் ஒவ்வொன்றிலும் ஆயத்தக் குறிப்புகள் தமிழில், மங்கிய கண்ணுக்கும் தெரியும் பெரிய எழுத்தில் அச்சிடப்படல் வேண்டும். பார்க்க இயலாதவருக்கு அதனை வாசித்துக் காட்டல் வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் விளக்கப்பட்ட பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும். சத்திரசிகிச்சை அறையில் நோயாளியின் மொழியறிந்த ஒருவர் நிற்றல் வேண்டும்.

இவற்றுக்குக் கோடி ரூபா வேண்டாம். வெளிநாட்டுக் கடன் வேண்டாம். கொஞ்சம் காகிதமும் கொஞ்சம் மனச்சாட்சியும் போதும். வன்னி முதியவரின் அடுத்த தவணை வரும். அன்றும் அவர் மடியில் ஆங்கிலத் துண்டே இருக்குமாயின், பார்வை இழந்தவர் அவரல்லர், நாமே.